சாதுவான ராணியும் ஊரார் ஆண் தேனீக்களும்

2018 ஜூன் மாதம், முதல் சனிக்கிழமை. பக்கத்து வீட்டுப் பாட்டி தோட்டத்துக் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். வயது எண்பதுக்கு மேல். என் பெட்டியிலிருந்து கிளம்பிய தேனீ ஒன்று வேலியைத் தாண்டிப் போய் அவருடைய கண்ணிமையில் கொட்டிவிட்டது. ஓடிப்போய் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தேன். பத்து நிமிடத்தில் கண்ணே மூடிக்கொள்ளும் அளவுக்கு வீக்கம். பாட்டி கோபப்படவில்லை. "போன வருஷம் வரைக்கும் நல்ல பிள்ளைகளா இருந்தாங்களே, இப்ப என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தேடப் போய்ச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

அப்போது நாங்கள் இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில், எக்ஸிடர் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். ப்ராஜெக்ட்டுக்காக 2015-ல் போனவன், நாலு வருஷம் இருந்தேன். முதல் குளிர்காலத்தில் பொழுது போகாமல் உள்ளூர் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் வகுப்பில் சேர்ந்தேன். 2016 மே மாதம் ஒரு பெட்டி வாங்கினேன். ராணி 'பக்ஃபாஸ்ட்' ரகம். "பைஜாமாவோடு போய்த் திறக்கலாம்" என்றார் விற்றவர். சும்மா சொல்லக்கூடாது, அது உண்மைதான். அந்த வருஷம் முழுக்க கையுறை இல்லாமல்தான் சட்டங்களை எடுத்துப் பார்த்தேன்.

2017 ஜூனில் கூட்டம் பிரிந்தது. பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு பறந்து போய்விட்டாள். மகள் ராணியானாள். 2018 வசந்தத்தில் பெட்டியைத் திறந்தால் முகவலையில் மழை மாதிரி வந்து மோதுகிறார்கள். மூடிவிட்டு நடந்தால் ஐம்பது மீட்டர் வரை துரத்துகிறார்கள். ஒருத்தி கொட்டினால் அந்த இடத்தில் வாழைப்பழ வாசனை வரும். தேனீயின் அபாய வாசனை அப்படித்தான் இருக்கும். மோப்பம் பிடித்து மற்றவர்களும் அதே இடத்துக்கு வருவார்கள்.

தொழில் பழக்கம், எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு வைப்பேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சுபாவத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 2016-ல் எல்லாம் ஐந்து. 2018 ஏப்ரலிலிருந்து இரண்டு, ஒன்று, ஒன்று. ராணி இல்லாத கூட்டம் சிடுசிடுக்கும். ஆனால் முட்டை இருந்தது. இடி வரும் நாளிலும், கடுகுப்பூ வயல் பூத்து முடிந்த கையோடும் கோபம் வரும். ஆனால் இது அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. அதே பெட்டி, அதே இடம், அதே நான். மாறியது ராணி மட்டும். அவளும் அந்தச் சாதுவான ராணியின் மகள்தானே?

பெட்டியைத் திறக்காத காலம்

தேனீயின் குணம் எப்போதிலிருந்து மனிதனுக்கு முக்கியமாயிற்று என்று தேடினேன். பதில் எதிர்பாராதது: பெட்டியைத் திறக்க முடிந்த பிறகுதான்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகத் தேனீ வளர்த்தது வைக்கோலில் பின்னிய கூடையில். கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். உள்ளே அடை கூடையோடு ஒட்டியிருக்கும். வெளியே எடுத்துப் பார்க்க முடியாது. இலையுதிர் காலத்தில் தேன் வேண்டுமென்றால் பல இடங்களில் கந்தகப் புகை போட்டுக் கூட்டத்தையே கொன்றுவிட்டு அடையை அறுத்தார்கள். இப்படி வளர்ப்பவருக்குத் தேனீ சாதுவாக இருந்தால் என்ன, முரடாக இருந்தால் என்ன?

1851-ல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், தேனீக்கள் மெழுகால் அடைக்காமல் விட்டுவைக்கும் இடைவெளியின் அளவைப் பயன்படுத்தி, சட்டங்களைக் கழற்றி எடுக்கக்கூடிய பெட்டியை வடிவமைத்தார். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அதன்பின் தேனீ வளர்ப்பவர் வாரத்துக்கு ஒருமுறை ஐம்பதாயிரம் கொடுக்குகளுக்கு நடுவே கையை விட ஆரம்பித்தார். 'சாதுவான ரகம் எது?' என்ற கேள்வியும் பிறந்தது. லாங்ஸ்ட்ராத்தே பிறகு அமெரிக்காவில் இத்தாலியத் தேனீயின் பெரிய ஆதரவாளர் ஆனார்.

வட ஐரோப்பாவின் நாட்டுத் தேனீ, கரும் தேனீ. பிரிட்டனிலிருந்து பிரான்ஸ் வழியாக ரஷ்யா வரை ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே அதுதான். இத்தாலியத் தேனீ மஞ்சள் பட்டை போட்டது, வேகமாகப் பெருகும், திறந்தால் அடையின் மேல் அமைதியாக நிற்கும். ரெண்டும் ஒரே இனத்தின் இரண்டு கிளைகள். கலந்தால் குட்டி போடும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனுக்கு முதன்முதலில் இத்தாலிய ராணியை வரவழைத்தவர் வுட்பரி. ஆண்டு 1859. ஊர்? நான் பஸ் ஏறி ஆபீஸ் போய்வந்த அதே எக்ஸிடர். 'டெவன்ஷயர் தேனீ வளர்ப்பாளர்' என்ற பெயரில் பத்திரிகைகளில் எழுதியவர். படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. என் பெட்டியின் பிரச்சினை என் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், சுமார் நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் தொடங்கியிருக்கிறது.

வெளிநாட்டு ரகம் என்றால் எல்லாமே சாது என்றும் இல்லை. 1880-ல் ஃப்ராங்க் பென்டன் என்ற அமெரிக்கர் சைப்ரஸ் தீவுக்குப் போய் அங்கிருந்த தேனீக்களை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பினார். நன்றாக உழைக்கும், நன்றாகப் பெருகும், ஆனால் கொட்டுவதில் பேர்போனவை. விரைவிலேயே பலர் கைகழுவிவிட்டார்கள். இதே பென்டன் நம் மலைத்தேனீயைப் பிடித்துப் பெட்டியில் வளர்க்கலாம் என்று இலங்கை, ஜாவா வரை வந்து பார்த்தார். நடக்கவில்லை. ஆனால் அவர் விட்டுப்போன ஒரு பொருள் நிலைத்தது: ராணியைச் சில தோழிகளோடும் கொஞ்சம் சர்க்கரைப் பாகோடும் தபாலில் அனுப்புகிற கைக்கடக்கமான மரக்கூண்டு. இன்றும் அதற்குப் 'பென்டன் கூண்டு' என்றுதான் பெயர். ராணியைத் தபாலில் வாங்கலாம் என்றான பிறகு எந்த ரகமும் எந்த ஊருக்கும் போகலாம் என்றாகிவிட்டது.

வானத்தில் நடக்கும் கல்யாணம்

இப்போது மரபியலுக்கு வருவோம். என் எக்செல் புதிரின் விடை இங்கேதான் இருக்கிறது.

சிலேசியாவைச் சேர்ந்த பாதிரியார் யான் ஜெர்ஸோன் 1845-ல் ஒரு விஷயத்தை எழுதினார்: ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது, அதாவது அதற்கு அப்பாவே கிடையாது. யாரும் எளிதில் நம்பவில்லை. 1850-களில் அவருக்கு இத்தாலியத் தேனீக்கள் கிடைத்தன. மஞ்சள் ராணி கறுப்பு ஆண்களோடு சேர்ந்தால் மகள்களிடம் கலப்பு தெரிகிறது. மகன்களோ அம்மாவைப் போலவே மஞ்சள். இறக்குமதியான தேனீயின் நிறமே அவருக்கு நிரூபணம் ஆயிற்று.

அடுத்த சிக்கல், கல்யாணம். ராணி பெட்டிக்குள் கூடுவதில்லை. பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் வெளியே பறக்கிறாள். சுற்றுவட்டாரத்தின் பல பெட்டிகளிலிருந்தும் பொந்துகளிலிருந்தும் வரும் ஆண் தேனீக்கள் வருஷா வருஷம் வானத்தில் ஒரே இடத்தில் கூடிக் காத்திருக்கும். அங்கே போய்ப் பத்து, இருபது ஆண்களோடு கூடிவிட்டு, அந்த விந்தை ஆயுள் முழுக்கச் சேமித்து வைத்துக்கொள்கிறாள். பெட்டிக்குள் இருப்பது ஒரு குடும்பம் இல்லை. ஒரு தாயும் பல தந்தையரின் பிள்ளைகளும்.

ஆகவே நான் காசு கொடுத்து வாங்கியது பாதி மட்டும். முதல் ராணி விற்பவரிடமே கூடி முடித்து வந்தவள், அதனால் அவள் பிள்ளைகள் அவர் சொன்னபடியே சாது. அவளுடைய மகள் என் கிராமத்து வானத்தில் பறந்தாள். அப்பாக்கள் யாரென்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

நம்மூரில் நாட்டு மாடா ஜெர்சியா என்று ஓயாமல் சண்டை நடக்கிறது. ஆனால் காளையைக் கயிற்றில் கட்டிப்போடலாம். சினை ஊசி வேறு இருக்கிறது. ஆண் தேனீயை எந்தக் கயிற்றில் கட்டுவது? பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டலும் தேனீ வளர்த்தார். கலப்பு செய்தும் பார்த்தார். பட்டாணிப் பூவை மூடிவைத்துக் கையால் மகரந்தம் தடவியவருக்கு, ராணி யாரோடு கூடுகிறாள் என்பது கைக்குள் வரவேயில்லை. நுண்ணோக்கிக்கு அடியில் ராணிக்கு விந்து செலுத்தும் முறை 1920-களில்தான் தொடங்கியது. இன்றும் அது ஆய்வகங்களின், பெரிய வளர்ப்பாளர்களின் வேலை. என்னைப் போல் ஒரு பெட்டிக்காரன் செய்யக்கூடியது இல்லை.

கரும் தேனீயும் இத்தாலிய அல்லது கார்னியோலன் ரகமும் கலந்தால் முதல் தலைமுறையிலோ அதற்கு அடுத்ததிலோ முரட்டுக் கூட்டங்கள் வருவது வளர்ப்பாளர்களிடையே பழைய அனுபவம். பெற்றோர் ரெண்டு பக்கமும் சாதுவாக இருந்தும்கூட இது நடக்கும். என் பெட்டியில் நடந்ததும் இதுதான்.

மடத்துத் தேனீ

பக்ஃபாஸ்ட் என்பது எக்ஸிடரிலிருந்து அரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ மடம். அந்தப் பெயர் தேனீ ரகத்துக்கு வந்த கதையில் ஒரு பெரிய சாவு இருக்கிறது.

1904-ல் இங்கிலாந்தின் தென்கோடியில் வைட் தீவில் தேனீக்கள் பறக்க முடியாமல் பெட்டி வாசலில் ஊர்ந்து செத்தன. சில வருஷங்களில் அது நாடெங்கும் பரவி, முதல் உலகப்போர் முடியும் வரை அலை அலையாகக் கூட்டங்களைத் தின்றது. 'வைட் தீவு நோய்' என்றே பெயர். 1921-ல் அபர்டீனில் ஜான் ரென்னியின் குழு, தேனீயின் மூச்சுக்குழாய்க்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியைக் கண்டுபிடித்து அதையே காரணம் என்றது. பிற்காலத்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் லெஸ்லி பெய்லி, அந்தச் சாவுகளை ஒற்றை உண்ணியின் தலையில் கட்ட முடியாது, வைரஸ், மோசமான பருவம், பூவுக்கு மீறிய பெட்டிகள் எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்று வாதிட்டார்.

பக்ஃபாஸ்ட் மடத்தில் 46 கூட்டங்கள் இருந்தன. 1916-ல் மிஞ்சியவை 16. அவை எல்லாம் இத்தாலிய ரகமோ இத்தாலியக் கலப்போதான். சுத்தமான கரும் தேனீக் கூட்டம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதை அருகிலிருந்து பார்த்தவர் ஜெர்மனியிலிருந்து பதினொரு வயதில் மடத்துக்கு வந்து சேர்ந்த கார்ல் கேர்லே. பின்னாளில் உலகமெங்கும் 'பிரதர் ஆடம்' என்று அறியப்பட்டவர். 1919-ல் தேனீப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 98 வயது வரை வாழ்ந்து 1996-ல் இறந்தார்.

அவர் எடுத்த முடிவு தெளிவானது: கலப்பில்தான் பலம். ஆனால் வானத்துக் கல்யாணப் பிரச்சினையை அவர் நன்றாகப் புரிந்துகொண்டவர். 1925-ல் டார்ட்மூர் மேட்டுநிலத்தின் நடுவே ஷெர்பர்டன் என்ற இடத்தில் தன் கல்யாண மண்டபத்தை அமைத்தார். குளிர், காற்று, வெறும் புல்வெளி. சுற்றுவட்டாரத்தில் வேறு தேனீ கிடையாது. தான் தேர்ந்தெடுத்த ஆண்களை அங்கே கொண்டுபோய் வைத்து, இளம் ராணிகளை அங்கே பறக்கவிட்டார். 1950 முதல் ஐரோப்பா, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று சுற்றி கிரேக்கம், துருக்கி ரகங்களையும் கொண்டுவந்து சேர்த்தார். பிரான்சின் கரும் தேனீயும் அந்தக் கலவையில் உண்டு. பல தலைமுறை கலந்து, சாதுவானதையும் நோய் தாங்குவதையும் கூட்டம் பிரியாததையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்து வந்ததுதான் பக்ஃபாஸ்ட் தேனீ.

அவர் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒரே ஒரு கேள்விதான். பிரதர் ஆடம் விற்றது ராணியை. டார்ட்மூரை அவரால் கூடவே அனுப்ப முடியாதே? அந்தத் தனிமை இல்லாத தோட்டத்தில் அவர் ரகம் ஒரு தலைமுறைதான் அவர் ரகமாக இருக்கும்.

செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட தேனீ

பிரிட்டனின் நாட்டுத் தேனீ முற்றிலும் அழிந்துவிட்டது என்று பிரதர் ஆடம் உறுதியாக நம்பினார். ரொம்ப காலம் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். போருக்குப் பின் ஹாலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் தேனீக்களை இறக்கி வெற்றிடத்தை நிரப்பினார்கள்.

1964-ல் பியோவுல்ஃப் கூப்பர் என்ற பூச்சியியலாளரும் நண்பர்களும் ஒரு வளர்ப்போர் சங்கம் தொடங்கினார்கள். நாட்டுத் தேனீ சாகவில்லை, தேடவேண்டியதுதான் பாக்கி என்பது அவர்கள் கட்சி. தேனீயின் இறக்கை நரம்புகளை அளந்து அளந்து கரும் தேனீ போலிருக்கும் கூட்டங்களைப் பிரித்தார்கள். பிற்காலத்தில் மரபணு ஆய்வுகளும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கரும் தேனீ மிஞ்சியிருப்பதைக் காட்டின. ஹாலந்துத் தேனீயும் கரும் தேனீக் கிளைதான் என்பதால், மிஞ்சியதில் அந்த இறக்குமதி எவ்வளவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 'அந்த ரகமே இல்லை' என்பது பொய்யாகிவிட்டது.

ஒரு கெட்ட பேரும் மறுபரிசீலனைக்கு வந்தது. 'கறுப்பு என்றால் முரடு' என்று என் வகுப்பிலேயே சொன்னார்கள். கூப்பரின் கட்சிக்காரர்கள் சொல்வது: நீங்கள் பார்த்த முரடு கறுப்பு இல்லை, கறுப்பும் மஞ்சளும் கலந்தது, சாதுவான தேனீ வேண்டுமென்று வருஷா வருஷம் இறக்குமதி செய்கிறீர்கள், அது கலந்து முரட்டுக் கூட்டம் வருகிறது, அதைப் பார்த்து நாட்டுத் தேனீ மோசம் என்று மறுபடி இறக்குமதி செய்கிறீர்கள். முழுக்க ஏற்கவேண்டும் என்றில்லை. கரும் தேனீயிலேயே முரட்டுக் கூட்டங்கள் உண்டு, அவர்களும் கழித்துக் கழித்துத்தான் வளர்க்கிறார்கள். ஆனால் என் எக்செல் இந்தச் சுழலின் ஒரு சுற்றை அப்படியே காட்டியது.

இந்தச் சுழலை உடைத்தவர்கள் பெரும்பாலும் தீவுக்காரர்கள். கடல்தான் அவர்களுக்கு வேலி. ஸ்காட்லாந்தின் கொலன்சே, ஒரன்சே தீவுகளில் கரும் தேனீ தவிர வேறு வளர்க்கக்கூடாது என்று 2013-ல் ஆணை போட்டார்கள். டென்மார்க்கின் லேசோ தீவில் இதே மாதிரி தடை வந்தபோது வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. சுதந்திர வர்த்தகத்துக்கு இது தடைதான், ஆனாலும் ஓர் உயிரின வகையைக் காக்க இது நியாயம் என்று 1998-ல் தீர்ப்பு. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவு 1885-லேயே சட்டம் போட்டுக் காத்தது இறக்குமதியான இத்தாலியத் தேனீயை! அங்கே தேன்பெட்டித் தேனீயில் நாட்டு ரகமே கிடையாது. ஆக, 'நாட்டு' என்ற சொல்லைவிட 'ஒரே ரகம், ஊர் முழுக்க' என்பதுதான் இந்தச் சட்டங்களின் உயிர்.

தீவுக்கும் ஆபத்து உண்டு. தேனீயில் பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணு ரெண்டு பிரதியும் ஒரே வகையாக அமைந்துவிட்டால், பணித் தேனீ ஆகவேண்டிய முட்டையிலிருந்து மலட்டு ஆண் புழு வரும். வேலைக்காரிகள் அதைத் தின்றுவிடுவார்கள். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் நடந்தால் புழு அடை ஓட்டை ஓட்டையாகத் தெரிவது இதனால்தான். சுத்தம் வேண்டும், ஆனால் கூட்டமும் பெரிதாக வேண்டும்.

பிரேசில் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1956-ல் வார்விக் கெர் என்ற மரபியலாளர் வெப்பநாட்டுக்கு ஏற்ற ரகம் தேவையென்று ஆப்பிரிக்க ராணிகளைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் 26 கூட்டங்கள் தப்பின. அங்கே ஏற்கெனவே இருந்த ஐரோப்பியத் தேனீக்களோடு கலந்து, 1990-ல் டெக்சாஸ் வரை போய்ச் சேர்ந்தன. எல்லோருக்கும் தெரிந்த பாதி இது. தெரியாத பாதி: அதே கலப்புத் தேனீ 1990-களில் புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போய், சில பத்தாண்டுகளிலேயே சாதுவாகிவிட்டது. நெருக்கமாக மக்கள் வாழும் சின்னத் தீவு. சுபாவம் ரத்தத்தில் எழுதிய விதி இல்லை; ஓர் ஊரே சேர்ந்து ஒரு பக்கமாகத் தேர்வு செய்தால் மாறும்.

என் பெட்டி

பாட்டியைத் தேனீ கொட்டிய அன்று ராத்திரி மனைவி சொன்னாள்: "என்னங்க, வாடகை வீட்ல இருக்கோம், வெளியூர்ல இருக்கோம். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆயிருந்தா? பேசாம யாருக்காவது கொடுத்துடுங்க." அவள் சொன்னதில் தப்பே இல்லை.

சங்கத்தில் எனக்குக் குரு மாதிரி ஒருவர். எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரர். மறுநாள் இரவு வாசலைப் பஞ்சால் அடைத்து, அவர் பண்ணை ஓரத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோனோம். தேனீப்பெட்டியை நகர்த்தினால் மூன்று அடி அல்லது மூன்று மைல் என்பது அங்கே பழமொழி. நடுவில் எங்கே வைத்தாலும் மேயப்போனவை பழைய இடத்துக்கே திரும்பும்.

நாற்பது பவுனுக்கு இன்னொரு பக்ஃபாஸ்ட் ராணியைத் தபாலில் வாங்கப்போகிறேன் என்றேன். ஆறு வாரத்தில் பிரச்சினை தீரும். அவர் உடனே பதில் சொல்லவில்லை. டீ போட்டுக்கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "வாங்கலாம். ஆனா உங்க பழைய ராணியோட ஆண் பிள்ளைகள் ரெண்டு வருஷமா எங்க பறந்தாங்கன்னு நெனச்சீங்க?"

அவருடைய எட்டுப் பெட்டிகளும் கறுப்புச் சாயல் உள்ளவை. முப்பது வருஷமாக முரட்டு ராணியைக் கழித்து, சாதுவானதிலிருந்து மட்டும் மகள் எடுத்துச் சேர்த்தவர். போன வருஷம் அவர் வளர்த்த மூன்று ராணிகளின் கூட்டங்கள் முரடாகத் திரும்பியிருந்தன. என் பெட்டிதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது; வட்டாரத்தில் ராணி வாங்குகிறவன் நான் மட்டும் இல்லை. ஆனால் அதுவரை ஊரார் ஆண் தேனீக்களால் பாதிக்கப்பட்டவன் நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்த ஊரார் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

தபால் ராணியை வாங்கவில்லை. பெட்டியைச் சில மீட்டர் தள்ளி வைத்தோம். கொட்டுவதில் முன்னால் நிற்கும் வயசான தேனீக்கள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட, உள்ளே இளசுகள் மட்டும் மிஞ்சின. அப்புறம் ராணியைத் தேடுவது எளிதாயிற்று. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினேன். படிக்கக் கஷ்டமாக இருக்கும்; செய்யவும் கஷ்டமாகத்தான் இருந்தது. எட்டு நாள் கழித்து அவர்களாகக் கட்டிய ராணி அறைகளையெல்லாம் கிள்ளிவிட்டு, குருவின் மிகச் சாதுவான பெட்டியிலிருந்து முட்டை உள்ள சட்டம் ஒன்றை வைத்தோம். முட்டையிலிருந்து ராணி வர 16 நாள். ஜூலைத் தொடக்கத்தில் வந்தாள், அவர் பண்ணையைச் சுற்றிய வானத்தில் பறந்தாள்.

கோடைகாலப் பணித் தேனீக்கு ஆயுள் ஆறு வாரம்தான். செப்டம்பரில் பெட்டியில் பழைய ராணியின் பிள்ளைகள் அநேகமாக யாரும் இல்லை. எக்செல்லில் மூன்று, நாலு. 2019 முழுக்க நாலு. ஐந்து ஒருநாளும் வரவில்லை. அந்த வானத்திலும் கலப்பு இருக்கத்தானே செய்கிறது?

தேன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பக்ஃபாஸ்ட் முதல் வருஷம் தந்ததைவிடக் குறைவு. ஆனால் குளிர்காலத்துக்குச் சர்க்கரைப்பாகு ஊட்டவேண்டிய தேவையும் குறைந்தது. ஒரு பெட்டியை வைத்து முடிவு சொல்லக்கூடாது. அதற்குப் பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. 2009 அக்டோபரில் தொடங்கி ஐரோப்பா முழுவதும் 20 இடங்களில், 16 மரபு வகைகளைச் சேர்ந்த 597 கூட்டங்களை எந்த நோய் மருந்தும் கொடுக்காமல் கவனித்தார்கள். அந்தந்த ஊரின் ராணி உள்ள கூட்டங்கள், வெளியூர் ராணி உள்ளவற்றைவிடச் சராசரியாக 83 நாள் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன.

2019 இலையுதிர் காலத்தில் இந்தியா திரும்பும் முன் பெட்டியைக் குருவிடமே விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு பாட்டில் தேன் கொடுத்துவிட்டு, பழைய கேள்விக்குப் பதிலும் சொன்னேன்: "அம்மா வழி நல்ல குடும்பம்தான். அப்பாக்களை நான் விசாரிக்கலை." ரொம்ப நேரம் சிரித்தார்.

நம்மூரில்?

நம் கணக்கு வேறு. நம் அடுக்குத் தேனீயும் 'இத்தாலியத் தேனீ' என்று பெட்டியில் விற்பதும் ஒரே இனத்தின் இரண்டு கிளைகள் இல்லை, தனித்தனி இனங்கள். கலந்து குட்டி போடாது. அதனால் பக்கத்துத் தோட்டத்து இத்தாலியப் பெட்டி உங்கள் அடுக்குத் தேனீயின் குணத்தை மாற்றாது. ஆனால் நோயும் உண்ணியும் வேலி பார்ப்பதில்லை. வரோவா உண்ணி ஆதியில் நம் அடுக்குத் தேனீயின் ஒட்டுண்ணி. அதோடு அனுசரித்து வாழ நம் தேனீ பழகியிருந்தது. மேற்கத்தியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்ததில் அது தாவிவிட்டது. உலகம் சுற்றிப் போய் 1992-ல் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட இடம், வேறெங்கே, டெவன். இங்கேயோ 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் ஒன்று தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. நிறைய பேர் இத்தாலியத் தேனீக்கு மாறியது அதன் பிறகுதான்.

'எந்த ரகம் வாங்கலாம்?' என்று என்னிடம் கேட்கும் நண்பர்களிடம் இப்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சுற்றி மூன்று மைலில் யார் யார் என்ன வளர்க்கிறார்கள்? அவர்களிடம் போய்ப் பேசினீர்களா? நான் 2016-ல் பேசியிருந்தால் அந்தக் கண்ணிமையும் தப்பியிருக்கும், குருவின் மூன்று ராணிகளும் தப்பியிருக்கலாம்.